‘நான்-காமெடோஜெனிக்’: பருவுள்ள முகமும் காலம் காட்டாத ஒரு சொல்லும்

திருவனந்தபுரத்தின் மருந்துக்கடைகளில் பருவுள்ள முகத்துக்கு ஏற்ற சன்ஸ்கிரீன் வேண்டும் என்று கேட்பவர் முன் வைக்கப்படும் டியூப்கள் பலவற்றில் ஒரு சொல் தவறாமல் இருக்கும்: ‘நான்-காமெடோஜெனிக்’. விலை, நிறுவனம், மணம் ஆகியவற்றில் அவை வேறுபடலாம். இச்சொல் மட்டும் ஏறத்தாழ எல்லாவற்றிலும் ஒரே தொனியில் அச்சிடப்பட்டிருக்கும். மாணவர்களும் ஆய்வாளர்களும் தங்கள் உதவித்தொகையில் கணிசமான ஒரு பகுதியை இச்சொல்லை நம்பியே செலவிடுகின்றனர். ஆனால் இந்தியச் சட்டத்தில் இதற்கு வரையறை கிடையாது. யார் சோதித்தார், எத்தகைய தோலில் சோதித்தார், எத்தனை வாரம் சோதித்தார் என்பதை உறை சொல்வதில்லை. பருவுள்ள ஒருவர் சன்ஸ்கிரீன் தேர்வதில் மிகக் குறைந்த எடை தரவேண்டிய சொல் இதுவே என்பதும், அதிக எடை தரவேண்டியவை உறையின் முன்பக்கத்தில் இடம்பெறுவதே இல்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இவ்வாதத்தை வெயிலிலிருந்து தொடங்க வேண்டும். திருவனந்தபுரம் ஏறத்தாழ எட்டரை பாகை வட அட்சத்தில் உள்ளது. ஆண்டில் இருமுறை, விஷுவை ஒட்டியும் ஆகஸ்ட் இறுதியிலும், நண்பகலில் சூரியன் இந்நகரின் உச்சிக்கு நேராக நிற்கிறது. 2025 மார்ச்சில் கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் புற ஊதாக்கதிர்க் குறியீட்டின் அளவீடுகளையும் எச்சரிக்கைகளையும் தொடர்ந்து வெளியிட்டது. மாநிலத்தின் 14 இடங்களில் அளவுகருவிகள் நிறுவப்பட்டுள்ளன; தலைநகர் மாவட்டத்துக்கான கருவி விளப்பில்சாலையில் இருக்கிறது. குறியீடு 6 முதல் 7 வரை மஞ்சள், 8 முதல் 10 வரை ஆரஞ்சு, 11-உம் அதற்கு மேலும் சிவப்பு. காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை நேர்வெயிலைத் தவிர்க்குமாறு ஆணையம் அறிவுறுத்துகிறது. வகுப்பு, நூலகம், விடுதி, பேருந்து நிறுத்தம் என்று ஒரு மாணவர் நடக்கும் நேரமும் பெரும்பாலும் இதுவே.

இவ்வெயிலைப் பிறரைக் காட்டிலும் அஞ்சவேண்டியவர் பருவுக்கு மருந்து எடுப்பவர். தோல் மருத்துவர்கள் எழுதும் அடாபலீன் ஜெல்லை இரவில் பூசினாலும் பகல்வெயிலில் தோல் எளிதில் எரிச்சலடையும். டாக்சிசைக்ளின் மாத்திரை, வெயில் பட்ட இடத்தில் தோலைச் சிவக்கவும் கன்றவும் செய்யக்கூடியது. ஐசோட்ரெட்டினாயின் தோலை உலர்த்தி, வெயிலைத் தாங்கும் திறனைக் குறைக்கிறது. அடுத்தது, பரு ஆறியபின் எஞ்சும் கருந்தழும்பு. பழுப்புநிறத் தோலில் ஒவ்வொரு சிறு அழற்சியும் ஒரு கறையை விட்டுச்செல்கிறது. அக்கறை மங்கப் பல மாதங்கள் ஆகலாம், வெயில் அதை மேலும் அழுத்தமாக்கி நீடிக்கச் செய்கிறது. பருவைவிடத் தழும்பே மனத்தை அதிகம் வருத்துகிறது என்று சொல்பவர் பலர். ஆகவே பருவுள்ளவருக்குச் சன்ஸ்கிரீன் ஒப்பனைப் பொருள் என்பதைக் காட்டிலும் சிகிச்சையின் ஒரு பகுதி.

இடர் என்னவெனில், இந்நகரின் ஈரக்காற்றில் முகத்தில் படியும் எந்தப் பூச்சும் சுமையாகிறது. வியர்வை அதனோடு கலக்கிறது, பிசுபிசுப்பு ஏற்படுகிறது, புதிய பரு வந்ததும் பழி பூச்சின் மேல் விழுகிறது. பூசினால் பரு, பூசாவிட்டால் தழும்பு என்ற இந்த அச்சத்துக்கு இடையில்தான் ‘நான்-காமெடோஜெனிக்’ என்ற சொல் விற்பனையாளருக்குப் பயன்படுகிறது.

அச்சொல்லின் வரலாறு அறியத்தக்கது. ‘காமெடோ’ என்பது லத்தீனில் பெருந்தீனிக்காரனைக் குறித்தது. உண்டு தீர்த்தல் என்ற வினையின் வழி வந்தது. உடலைத் தின்னும் புழுக்களுக்கு அப்பெயர் இருந்தது. பருவை அழுத்தினால் வெளிவரும் கொழுப்புத்திரி புழுப்போலத் தோன்றியதால் மருத்துவர்கள் அதற்கும் அப்பெயரையே இட்டனர். இன்று மயிர்க்காலில் தோல் எண்ணெயும் இறந்த செல்களும் சேர்ந்து உண்டாகும் அடைப்பை அது குறிக்கிறது. 1972-இல் ஆல்பர்ட் கிளிக்மனும் ஓட்டோ மில்சும் ஒப்பனைப் பொருள்களால் வரும் பருவைத் தனி வகையாக விவரித்தனர். எந்தப் பொருள் அடைப்பை உண்டாக்குகிறது என்றறிய அவர்கள் முயலின் காதைப் பயன்படுத்தினர். காதின் உட்புறத்தில் பொருளைத் தொடர்ந்து பூசி, சில வாரங்களில் அங்குள்ள மயிர்க்கால்கள் அடைபடுகின்றனவா என்று பார்ப்பதே முறை.

1989-இல் ஜேம்ஸ் ஃபுல்டன் இம்முறையில் பல மூலப்பொருள்களைச் சோதித்துச் சுழியம் முதல் ஐந்து வரை மதிப்பெண் இட்டார். இணையத்தில் சுற்றும் ‘துளைகளை அடைக்கும் பொருள்கள்’ பட்டியல்கள் பெரும்பாலும் அதன் வழித்தோன்றல்களே. ஆனால் முயல்காது மனிதத் தோலைவிட மிக எளிதில் அடைபடக்கூடியது. தனியே மதிப்பெண் பெற்ற ஒரு பொருள், முழுத் தயாரிப்பில் சிறிதளவே சேரும்போது அவ்வாறே நடந்துகொள்ளும் என்பதற்கும் உறுதியில்லை. 2006-இல் சோ டிரேலோசும் ஜோசப் டினார்டோவும் வெளியிட்ட மறுபார்வை இதையே காட்டியது: பட்டியலில் உள்ள பொருள்களைக் கொண்ட தயாரிப்புகள் மனிதரில் அடைப்பை உண்டாக்கியாக வேண்டும் என்பதில்லை. 2014-இல் இந்தியா ஒப்பனைப் பொருள்களை விலங்குகள் மீது சோதிப்பதைத் தடை செய்தது, அது வரவேற்கத்தக்கது. ஆயினும் முயல்காதில் பிறந்த சொல், அந்தச் சோதனை விலக்கப்பட்ட நாட்டில், மாற்றுச் சோதனை எது என்று சொல்லாமலே உறைகளில் தொடர்கிறது.

மனிதரைக் கொண்டு செய்யும் சோதனைகளும் உண்டு. தன்னார்வலர்களின் மேல்முதுகில் பொருளைப் பூசி, மூடி, சில வாரங்களுக்குப் பின் மயிர்க்கால்களைப் பிசினால் எடுத்துப் பார்ப்பது அவற்றுள் ஒன்று. நேர்மையான நிறுவனம் இதைச் செய்திருக்கலாம், செய்யாமலும் இருக்கலாம். உறையிலுள்ள சொல் இரண்டையும் வேறுபடுத்துவதில்லை.

இச்சொல்லைத் தமிழாக்கிப் பார்த்தால் மறைந்திருப்பது வெளிப்படும். ‘அடைப்பு உண்டாக்காத பூச்சு’ என்பது இயல்பான தமிழாக்கம். ‘உண்டாக்காத’ என்பது எதிர்மறைப் பெயரெச்சம். ‘உண்டாக்கிய’, ‘உண்டாக்குகிற’, ‘உண்டாக்கும்’ என்று உடன்பாட்டில் காலம் பிரிந்து நிற்கும். எதிர்மறையில் மூன்று காலத்துக்கும் ஒரே வடிவம்தான். ஆகவே ‘உண்டாக்காத பூச்சு’ என்றால் சோதனையில் அடைப்பு உண்டாகவில்லை என்ற இறந்தகாலச் செய்தியாகவும் கொள்ளலாம். வாங்குபவர் முகத்தில் உண்டாகாது என்ற எதிர்கால வாக்குறுதியாகவும் கொள்ளலாம். நிறுவனம் சான்று காட்டக்கூடியது முதலாவதற்கு மட்டுமே. வாங்குபவர் பணம் கொடுப்பதோ இரண்டாவதற்கு. ஆங்கில அடைமொழியில் இன்னும் எளிதாக மறைகிறது. அங்கே வினைமுற்றும் இல்லை, எழுவாயும் இல்லை. ‘இத்தனை பேரின் முதுகில் இத்தனை வாரம் பூசியபோது அடைப்பு உண்டாகவில்லை’ என்று முற்றுத்தொடராக எழுதும் கட்டாயம் இருந்திருந்தால், பல உறைகளில் அத்தொடர் இடம்பெற்றிராது.

எஸ்.பி.எஃப். எண்ணோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அந்த எண்ணுக்கு ஒரு முறையியல் உண்டு: ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி, தோல் சிவக்க எவ்வளவு கதிர் தேவைப்படுகிறது என்று அளக்க வேண்டும். முறை இருப்பதால் வழக்கும் இருக்கிறது. 2025-இல் இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் தன் லாக்மே சன்ஸ்கிரீனுக்கான விளம்பரங்களில், ஆன்லைனில் அதிகம் விற்கும் எஸ்.பி.எஃப். 50 பூச்சு சோதனையில் 20 மட்டுமே காட்டியது என்ற கருத்தை முன்வைத்தது. டெர்மா கோ பூச்சுகளை விற்கும் ஹொனாசா நிறுவனம் தில்லி உயர்நீதிமன்றத்தை அணுகியது. யூனிலீவர் விளம்பரங்களை மாற்ற ஒப்புக்கொண்டது. தன் பங்குக்கு பம்பாய் உயர்நீதிமன்றத்திலும் வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு ஜூனில் ஆஸ்திரேலிய நுகர்வோர் அமைப்பான ‘சாய்ஸ்’ 20 சன்ஸ்கிரீன்களைச் சோதித்து, அவற்றுள் 16 தாம் கூறிக்கொண்ட எண்ணை எட்டவில்லை என்று அறிவித்தது. எண் பொய்யாகலாம், ஆனால் பொய் என்று நிறுவ வழி உண்டு. ‘நான்-காமெடோஜெனிக்’ என்பதைப் பொய் என்று நிறுவ எந்த நீதிமன்றத்தில் எந்த அளவுகோலை நீட்டுவது? இந்தியாவில் சன்ஸ்கிரீன் ஒப்பனைப் பொருளாகவே ஒழுங்குபடுத்தப்படுகிறது. அதை மருந்தாகக் கருதும் அமெரிக்காவிலும் இச்சொல்லுக்குச் சட்ட வரையறை இல்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். வரையறை இல்லாவிட்டாலும், அச்சொல்லை அச்சிடும் நிறுவனம் கனமான எண்ணெய்களைத் தவிர்த்திருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே அது தொடக்கநிலைச் சல்லடையாகவேனும் பயன்படும் என்பர். மறுப்பதற்கில்லை. தோல் மருத்துவர்களும் அப்பொருளிலேயே அதைப் பரிந்துரைக்கின்றனர். சல்லடையைச் சான்றிதழாக எடுத்துக்கொள்வதுதான் பிழை. அவ்வாறு எடுத்துக்கொள்பவர் பரு வந்ததும் அடுத்த ‘நான்-காமெடோஜெனிக்’ டியூபை வாங்குகிறார். அதிலும் பரு வந்தால் மூன்றாவது. காரணம் வேறெங்கோ இருக்கலாம் என்ற எண்ணமே அவருக்கு எழுவதில்லை.

காரணம் பல வேளைகளில் வேறெங்கோதான் இருக்கிறது. முதலாவது, வேர்க்குரு. முகப்பருவை மலையாளம் ‘முகக்குரு’ என்கிறது. தமிழில் அந்தக் ‘குரு’ வேர்க்குருவில் நிற்கிறது. பெயரில் நெருங்கியவை நோயில் வேறு. வியர்வைக் குழாய் அடைபடுவதால் வருவது வேர்க்குரு. பூசிய ஓரிரு நாளிலேயே பொடிப்பொடியாக எழும்பி அரிக்கும். பூச்சினால் வரும் பரு அத்தனை விரைவில் வராது. அடைப்பு உருவாக வாரங்கள் வேண்டும். திங்களன்று பூசிய களிம்பு புதனன்று பரு தந்தது என்பவர் பெரும்பாலும் வேர்க்குருவையோ தோல் எரிச்சலையோ கண்டிருக்கிறார். இரண்டாவது, மலசீசியா என்ற பூஞ்சையால் மயிர்க்கால்களில் வரும் அழற்சி. நெற்றியிலும் மார்பிலும் முதுகிலும் ஒரே அளவில், அரிப்போடு வரும் சிறு கொப்புளங்கள் அதன் அடையாளம். ஈரவெப்பத்தில் அது வழக்கமானது; பரு மருந்துக்கு அது அடங்காது. மூன்றாவது, தேங்காயெண்ணெய். ஃபுல்டனின் பட்டியலில் அதற்கு உயர்ந்த மதிப்பெண் உண்டு. பட்டியலை ஒதுக்கினாலும், தலைக்குப் பூசும் நெய்ப்புகளால் நெற்றியோரம் பரு வருவதை 1970-லேயே கிளிக்மன் குழுவினர் தனியே விவரித்துள்ளனர். எண்ணெய் தேய்த்த தலையிலிருந்து வியர்வையோடு வழிவது நெற்றிக்குத்தான் வருகிறது. நெற்றியோரம் மட்டும் பரு வருபவர் சன்ஸ்கிரீனை மாற்றுவதற்கு முன் எண்ணெயின் நேரத்தையும் அளவையும் மாற்றிப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

அப்படியானால் டியூபில் எதைப் பார்ப்பது? முதலில் காப்பின் அளவு. எஸ்.பி.எஃப். 30 தோலைச் சிவக்கவைக்கும் கதிரில் ஏறத்தாழ 97 விழுக்காட்டையும், 50 ஏறத்தாழ 98 விழுக்காட்டையும் தடுக்கும். இவ்விரண்டுக்கும் மேல் ஓடுவதில் பெரும்பயன் இல்லை. தழும்பைக் கருக்கச் செய்வதில் புற ஊதா ஏ கதிருக்குப் பெரும்பங்கு உண்டு. அதற்கான காப்பை ஜப்பானிய முறையில் ‘பி.ஏ.’ எழுத்துகளுக்குப் பின்வரும் கூட்டல் குறிகள் காட்டுகின்றன. மூன்றோ நான்கோ இருப்பது நல்லது. பழுப்புத் தோலில் கண்ணுக்குப் புலனாகும் ஒளியும் கறையை வளர்க்கிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இரும்பு ஆக்சைடு சேர்ந்த நிறமேற்றிய பூச்சுகள் அதைத் தடுக்க உதவும். ஆனால் தன் நிறத்துக்குப் பொருந்தும் சாயல் கிடைப்பது அரிது.

இரண்டாவது, பூச்சின் ஊடகம். எண்ணெய்ப்பசை மிக்க முகத்துக்கு ஜெல்லோ இலேசான லோஷனோ ஏற்றது என்ற பொதுவிதி சரியே. ஆனால் அடாபலீன் பூசித் தோல் உரிந்துகொண்டிருப்பவருக்கு ஆல்கஹால் மிகுந்த ஜெல் எரியும். அவருக்குச் சற்றே ஈரப்பதம் தரும் லோஷனோ துத்தநாக ஆக்சைடு பூச்சோ ஏற்புடையது. துத்தநாகம் சாம்பல்பூத்த வெண்மையை விட்டுச்செல்லும். அதற்கு அஞ்சி மெல்லியதாகப் பூசினால் பயன் குறையும். ‘எண்ணெய் இல்லாதது’ என்ற சொல்லும் எச்சரிக்கையோடு படிக்கத்தக்கது. ஐசோபுரோபில் மிரிஸ்டேட் போன்ற எஸ்டர்கள் எண்ணெய் என்ற பெயரில் வருவதில்லை. ஃபுல்டனின் பட்டியலில் மேலே நிற்பவை அவையே. மூலப்பொருள் பட்டியலைப் படிப்பவர் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: ஒரு விழுக்காட்டுக்கு மேற்பட்டவையே இறங்குவரிசையில் எழுதப்படும், அதற்குக் குறைந்தவை எந்த வரிசையிலும் வரலாம். ஒரு பெயர் பட்டியலில் இருப்பது மட்டும் எதையும் நிறுவாது.

மூன்றாவது அளவு, உறையில் இடம்பெறாத உண்மை இதுதான். சோதனைச்சாலை அளவில் முகத்துக்கு மட்டும் ஒருமுறைக்கு ஏறத்தாழ 1.2 கிராம் தேவை. 50 கிராம் டியூப் நாற்பது முறைக்கு வரும். நாளுக்கு இருமுறை என்றால் மூன்று வாரத்துக்குள் தீரும். 600 ரூபாய் டியூப் மூன்று மாதம் வந்தது என்று ஒருவர் மகிழ்ந்தால், அவர் தேவையில் கால்பங்கே பூசியிருக்கிறார். எஸ்.பி.எஃப். 50-ஐப் பாதியளவு பூசினால் கிடைப்பது ஏறத்தாழ 25 அல்லது அதனினும் குறைவு. விலையுயர்ந்ததை மெல்லியதாகப் பூசுவதைவிட, வாங்கத்தக்க விலையில் உள்ளதைப் போதிய அளவு பூசுவது மேல். மாதச்செலவை முதலில் கணக்கிட்டு, அதற்குள் அடங்கும் டியூபைத் தேர்வதே அறிவார்ந்த வரிசை.

நான்காவது, தன் முகத்திலேயே முறையான சோதனை. சில நாள் தாடையோரம் மட்டும் பூசி எரிச்சல் இல்லை என்று கண்டபின், வேறெதையும் மாற்றாமல் நான்கு முதல் ஆறு வாரம் பயன்படுத்த வேண்டும். இரவில் தேய்க்காமல் மென்மையாகக் கழுவ வேண்டும். நீரில் கரையாத பூச்சு முகத்திலேயே தங்கினால் எந்த உறுதிமொழியும் உதவாது. ஒரே வேளையில் புதிய சீரமும் புதிய சோப்பும் புதிய சன்ஸ்கிரீனும் தொடங்குபவருக்கு எது உதவியது, எது கெடுத்தது என்று ஒருநாளும் தெரியாது. ஆய்வுநெறி கற்றவர்கள் மாறியைக் கட்டுப்படுத்துவதைப் பிறருக்குக் கற்பிக்கின்றனர். அதைத் தம் முகத்தளவிலும் கடைப்பிடிக்கலாம்.

டியூபுக்கு வெளியேயும் ஒரு பதில் உண்டு. குடை எந்த மயிர்க்காலையும் அடைப்பதில்லை. கருங்குடை புற ஊதாக்கதிரில் 90 விழுக்காடேனும் தடுப்பதாக அளவிட்டுள்ளனர். தரையிலும் சுவரிலும் பட்டுத் தெறிப்பதை மட்டும் அது தடுக்காது. மழைக்கு மறக்காமல் குடை எடுக்கும் ஊர் இது. அதே குடையை மார்ச்சு வெயிலில் விரிக்க இளையோர், குறிப்பாக ஆண்கள், தயங்குகின்றனர். ஆணையத்தின் சிவப்பு எச்சரிக்கை நாள்களில் களப்பணி நேரத்தை மாற்றுவதும், வளாகப் பாதைகளில் நிழல்மரங்களைக் காப்பதும், பேருந்து நிறுத்தங்களுக்குக் கூரை அமைப்பதும் பல்கலைக்கழகமும் அரசும் செய்யக்கூடியவை. வெயிலுக்கான முழுப்பொறுப்பையும் மாணவரின் முகத்திலும் பணப்பையிலும் சுமத்துவது நியாயமன்று.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். தழும்பு மங்குவது வேறு, நிறம் வெளுப்பது வேறு. ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020-இல் ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆனது. பெயர் மாறியதே அச்சொல்லின் சுமையை ஒப்புக்கொண்டதற்குச் சமம். ஆனால் அதே ஆசை இன்று சன்ஸ்கிரீன் விளம்பரங்களில் ‘பிரகாசம்’, ‘ஒளிர்வு’ என்று மறுபிறப்பு எடுக்கிறது. பருவினால் ஏற்கெனவே தன்னம்பிக்கை தளர்ந்த பதினெட்டு வயதினர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதினால், மங்காத நிறத்தைத் தோல்வியென எண்ணத் தொடங்குவர். பூச்சின் பணி தோலைக் காப்பது. அதன் நிறத்தைத் திருத்தும் பணி அதற்கு இல்லை.

கேட்கவேண்டியது சிறிது. ‘நான்-காமெடோஜெனிக்’ என்று அச்சிடும் நிறுவனம், அதன் கீழ் ஒரே ஒரு முற்றுத்தொடரையும் அச்சிடட்டும்: எத்தனை மனிதரில், எந்த நிறத் தோலில், எந்தக் காலநிலையில், எத்தனை வாரம் சோதித்தது, என்ன கண்டது. ஒப்பனைப் பொருள் விதிகளில் அதற்கு இடம்செய்வது கடினமன்று. அதுவரை அச்சொல்லைப் பார்க்கும் மாணவர் டியூபைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிக்கட்டும். தான் எடுக்கும் மருந்துகளைத் தோல் மருத்துவரிடம் சொல்லிக் கேட்கட்டும். மாதத்துக்கு எத்தனை டியூப் ஆகும் என்று கணக்கிட்டபின் காசைக் கொடுக்கட்டும்.